ஆயாவிடம் என்ன கேட்பது?

அன்புள்ள ஐயா,

தருமபுரி அருகே ஒரு கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கிறேன். மாணவர்களையும் முதியவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசும் நிகழ்ச்சி ஒன்றைப் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் நடத்தினோம். "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று பிள்ளைகள் கேட்டார்கள். "என்னத்தச் சொல்ல, அந்தக் காலம் வருமா" என்பதோடு பெரியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் பிள்ளைகள் கையில் போன். இந்த மாதிரித் திட்டங்கள் நம் ஊருக்கு ஒத்துவராதோ?

ஒரு வாசகர், தருமபுரி

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக ஒத்துவரும். ஆனால் "அனுபவத்தைச் சொல்லுங்க" என்று கேட்டால் எனக்கே வாய் அடைத்துவிடும். அடுத்த முறை கேள்வித்தாளை விட்டுவிட்டு ஒரு படி சாமையோடு போங்கள். உரலில் குத்தி உமி போக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பாதி வெளியே சிந்தும், மீதி நொய்யாகும். ஆயா அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். முறத்தைப் பிடுங்கிக்கொள்வார். புடைக்கும்போது மணிக்கட்டு ஒரு மாதிரி போகும், கல்லைக் கொழிக்கும்போது வேறு மாதிரி போகும். அதைக் காட்டிக்கொண்டே எந்தக் காட்டில் எந்தச் சாமை விளைந்தது, பஞ்சத்தில் எதைத் தின்றார்கள் என்று எல்லாம் வந்துவிடும். தாத்தாக்களுக்கு ஆடும் ஏரும் கிணறும் இருக்கின்றன.

பதிலுக்குப் பிள்ளைகளிடமும் சரக்கு இருக்கவேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் கடைசி தருமபுரிதான், சுமார் 68.5 சதவீதம். அங்கே 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வந்ததா என்று தானே பார்க்கத் தெரிவதும், ஓடிபி கேட்பவனிடம் போனை வைத்துவிடத் தெரிவதும் பெரிய படிப்பு. ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள்: பொத்தானை அழுத்துவது ஆயாவின் விரலாக இருக்கட்டும். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. வேண்டிய ஒன்று கையில் வருகிறது என்றால் யாரும் வகுப்புக்கு வருவார்கள்.

இன்னொன்று, ஒரு நாள் கூத்து வேண்டாம். நெதர்லாந்தில் டெவென்டர் என்ற ஊரின் முதியோர் இல்லத்தில் மாணவர்கள் வாடகையில்லாமல் தங்குகிறார்கள். அதற்கு ஈடாக மாதம் 30 மணி நேரம் பெரியவர்களோடு இருக்கவேண்டும். அவ்வளவு நம்மால் முடியாது. ஆனால் உங்கள் நாட்டு நலப்பணித் திட்டத்திலேயே ஒரு மாணவருக்கு இரண்டு ஆண்டுக்கு 240 மணி நேரம் இருக்கிறதே! மரம் நட்டுப் படம் எடுப்பதில் கொஞ்சம் குறைத்து, வாரம் ஒருமுறை அதே பிள்ளையை அதே வீட்டுக்கு அனுப்புங்கள். (கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் செய்வதானால் தெலுங்கோ கன்னடமோ தெரிந்த பிள்ளையாகப் பார்க்கவேண்டும்.)

அம்மாவும் அப்பாவும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட, ஆயாவிடம் வளர்ந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். அவர்களைக் குழுத்தலைவர்களாகப் போடுங்கள். எப்போது பேச்சுக் கொடுக்கலாம், எப்போது வாயை மூடிக்கொண்டு வெற்றிலை இடித்துத் தரவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பொன்னாடை, மைக்செட் செலவில் நாலு முறம் வாங்கலாம்.