சாலை அகலமாகிறது, நடுகல்லை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் அரூர் வட்டத்தில் இருக்கிறது. ஊருக்கு வெளியே, தார்ச்சாலையை ஒட்டிய புளியமரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைக்கல் நிற்கிறது. கல்லில் வில்லும் கத்தியும் பிடித்த ஓர் ஆள். வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். சாலையை அகலப்படுத்த இப்போது மரத்துக்கும் கல்லுக்கும் சேர்த்துக் குறி போட்டுவிட்டார்கள். ஜேசிபியால் தூக்கி ஓரமாக வைத்துவிடுவதாக ஒப்பந்தக்காரர் சொல்கிறார். கழுவி, பெயின்ட் அடித்து, மண்டபம் கட்டலாம் என்கிறார்கள் எங்கள் பையன்கள். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து விலையே கேட்டுவிட்டுப் போனார். இது எந்தக் காலத்துக் கல்? நாங்கள் யாரிடம் போக வேண்டும்?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது நடுகல்தான். சண்டையில் செத்த ஒருவனுக்காக ஊரார் நட்ட கல். செங்கம், அரூர், ஊத்தங்கரைப் பக்கம் இது அதிசயமில்லை. தமிழ்நாட்டில் நடுகற்கள் மிக நெருக்கமாகக் கிடைக்கும் பகுதியே உங்களுடையதுதான். பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்த எல்லை நிலம் அது. அங்கே மாடுதான் சொத்து. மாட்டை ஓட்டிக்கொண்டு போக ஒரு கூட்டம் வந்தால், மீட்கப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. அப்படிப் போனவர்களைத்தான் இன்று பல ஊர்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள்.

காலத்தை உருவத்தை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். போட்டோவைப் பார்த்ததும் ‘ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு பழமை’ என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உச்சி வெயிலில் எதுவும் தெரியாது. இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட கல்லை ஒட்டினாற்போல் பிடியுங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது, பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் கீறல்கள் வரிசையாக எழும்பி நிற்கும். வீரனின் தலைக்கு மேலே, தோளுக்கும் கல்லின் விளிம்புக்கும் நடுவில், கால்களுக்குப் பக்கத்தில் தேடுங்கள். மண்ணுக்குள் புதைந்த பகுதியிலும் எழுத்து இருக்கலாம், ஆனால் அதற்காக இப்போது தோண்ட வேண்டாம். உங்கள் பக்கத்துப் பல்லவர் காலக் கற்களில் பெரும்பாலும் வட்டெழுத்துதான். வளைந்து வளைந்து போகும் அந்த எழுத்து படிக்க வராவிட்டால் கவலைப்படாதீர்கள், படம் தெளிவாக இருந்தால் போதும். தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ், மாவு, கரி எதையும் தேய்க்காதீர்கள். மைப்படி, அதாவது கல்லில் தாளை ஒற்றி மையால் எழுத்தைப் படியெடுப்பது, பழகிய கை செய்யும் வேலை, அதைத் தொல்லியல் துறை ஆட்கள் வந்து செய்யட்டும்.

எழுத்து கிடைத்துவிட்டால் கல் என்னவெல்லாம் சொல்லும் என்பதற்கு எடுத்தனூர்க் கல்லைச் சொல்லலாம். அதுவும் செங்கம் பக்கம்தான். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நட்டது. கருந்தேவக்கத்தி என்ற சேவகன் தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்துபோனான். கல்லில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அரசன், அரசனுக்குக் கீழே பாணத் தலைவன், அவனுக்கும் கீழே ஒரு சேவகன், கடைசியில் ஒரு நாய் என்று அந்தக் காலத்து அடுக்கு முழுவதும் ஒரே கல்லில் வந்துவிடுகிறது. உங்கள் கல்லிலும் காலருகே ஏதாவது சின்ன உருவம் இருக்கிறதா என்று பாருங்கள். சிமிழும் கெண்டியும் இருக்கும், சில சமயம் மாடு இருக்கும். எதிரே புலியோ பன்றியோ இருந்தால் மாட்டுச் சண்டை இல்லை, அந்த விலங்கோடு மோதி இறந்தவன். பக்கத்தில் ஒரு பெண் நின்றால் அவளும் உடன் இறந்திருக்கிறாள் என்று பொருள் கொள்ளலாம்.

அப்படியே அதே சாலையில் வேறு கற்கள் இருக்கின்றனவா என்றும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். நடுகற்கள் தனியாகவும் நிற்கும், கூட்டமாகவும் நிற்கும். சூலம் பொறித்த எல்லைக்கல், சுமைதாங்கி போன்றவையும் இதே விரிவாக்கத்தில் சத்தமில்லாமல் போய்விடும். பழைய பெருவழியின் தூரக்கல்கூட இருக்கலாம். நாவல் தாவளம் என்ற ஊர் 29 காதம் (காதம் என்பது பழைய தூர அளவு) என்று சொல்லும் அதியமான் பெருவழிக் கல் உங்கள் மாவட்டத்தில் கிடைத்ததுதான். எழுத்துத் தெரியாதவர்களுக்காக, பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழியும், ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறிய குழியும் அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் மைல்கல்லில் அந்த அக்கறை இல்லை.

சரி, யாரிடம் போவது? போவதற்கு முன்னால் பதிவு வேண்டும். கல்லின் நான்கு பக்கமும் படம் எடுங்கள், அதில் ஒன்றிலாவது பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். கல் எந்தத் திசையைப் பார்க்கிறது, மரத்திலிருந்தும் சாலை விளிம்பிலிருந்தும் எத்தனை அடி, புல எண் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் இடக்குறியீடும் எடுத்து வையுங்கள். நின்ற இடம் தெரியாத நடுகல் பாதிச் செய்திதான் சொல்லும். எந்தப் பாதையில், எந்த ஏரிக்கரையில் சண்டை நடந்தது என்ற தடம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. கல்லைப் பத்திரமாகக் கொண்டுபோய் எங்கோ சேர்த்துவிட்டால் காப்பாற்றிவிட்டோம் என்று நினைக்கும் நல்லவர்களால் போன செய்திகள் கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு மனு. ஒரே மனுவை மாவட்ட ஆட்சியருக்கும், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்கும், சாலை வேலையைப் பார்க்கும் நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளருக்கும் கொடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் ரசீது கையில் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு நகல் போகட்டும். மனுவில் பழம்பெருமை பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டாம். இந்தப் புல எண்ணில் இந்தக் கல் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் பெயர்க்கப் போகிறார்கள், தொல்லியல் துறை ஆய்வு செய்யும்வரை அந்தச் சில அடியில் மட்டும் வேலையை நிறுத்தி வையுங்கள் என்று கேளுங்கள். முழுச் சாலையையும் நிறுத்தச் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். கிராம சபை நெருங்கினால் அங்கே ஒரு தீர்மானமும் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடும். ‘கல் எங்கள் ஊர் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும்’ என்ற ஒரு வரி அதில் இருந்தால் பின்னால் பேச வசதி.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘நூறு மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது’ என்ற விதியை மனுவில் எழுதிவிடாதீர்கள். அது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010 திருத்தத்தின்போது வந்தது, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களுக்கானது. உங்கள் கல் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இருக்காது. ஆகவே ஒப்பந்தக்காரர் இன்றைக்குச் சட்டத்தை மீறிவிட்டார் என்று சண்டைக்குப் போக முடியாது. அவரிடம் தன்மையாகப் பேசுவதுதான் பலன் தரும். மாநில அரசு விரும்பினால் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்லைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாம். கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அது சாலை வேகத்தில் நடக்காது.

நகர்த்தியே ஆக வேண்டும் என்றால்? சாலைக்கோட்டுக்கு வெளியே, எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், பழைய திசையையே பார்க்கும்படி நடச் சொல்லுங்கள். துறை ஆள் ஒருவர் உடன் இருக்கட்டும். ஜேசிபியின் பல் கல்லில் படக்கூடாது. மண்ணுக்குள் எவ்வளவு நீளம் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, மேலே பிடித்து இழுத்தால் நடுவில் முறியும். சுற்றிலும் மண்வெட்டியால் தோண்டி, சாக்கு சுற்றி, அகலமான பெல்ட்டில் தூக்க வேண்டும். இரும்புக் கம்பி வடம் வேண்டவே வேண்டாம். புதுக் குழியில் மணலும் கருங்கல் சில்லும் போட்டு இறுக்கினால் போதும். கான்கிரீட் போட்டால் கீழ்வரி எழுத்து நிரந்தரமாகப் புதைந்துவிடும். தோண்டும்போது இன்னொரு கல்லோ, பானையோ, காசோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே சொல்லுங்கள். மண்ணுக்குள் மறைந்து கிடந்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அந்தப் பத்து ரூபாய் அப்படியேதான் இருக்கிறது!

உங்கள் பையன்களின் ஆர்வம் நல்லது, ஆனால் பெயின்ட் டப்பாவை வாங்கி உள்ளே வையுங்கள். எனாமல் பெயின்ட் கீறல்களுக்குள் இறங்கிவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு. கம்பி பிரஷ், ஆசிட் இரண்டும் எழுத்தையே தின்றுவிடும். தூசிக்குத் தண்ணீரும் மென்மையான நார் பிரஷும் போதும். மஞ்சள், குங்குமம் பற்றிக் கேட்டால், தொல்லியல்காரர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன். அந்தக் கல் இத்தனை காலம் உடைபடாமல் நின்றதே நீங்கள் கும்பிட்டதால்தான். எண்ணெய் ஊற்றுவதை மட்டும் பீடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விலை கேட்டவருக்குப் பதில் சுருக்கமானது: விற்க முடியாது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கற்சிற்பம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். பட்டா நிலத்தில் இருந்தாலும் உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது, நாட்டை விட்டு வெளியே அனுப்பினால் சிறை. அவர் மறுபடி வந்தால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லி வையுங்கள். சாலை வேலை நடக்கும் நாட்களில்தான் கல் காணாமல் போவது சுலபம். மரம் விழுந்த அன்று கல்லும் போனால், ஒப்பந்தக்காரர் எடுத்தார் என்று நீங்கள் சொல்வீர்கள், ஊர்க்காரர்கள் எடுத்தார்கள் என்று அவர் சொல்வார்.

தருமபுரியில் உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகமான அகழ்வைப்பகத்துக்குக் கொடுத்துவிடலாமா என்றும் யாராவது கேட்பார்கள். அங்கே ஏற்கனவே நிறைய நடுகற்கள் இருக்கின்றன, ஒருமுறை எல்லோரையும் அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஆனால் வழிபாட்டில் இருக்கும் கல்லை, நகர்த்தி நட இடமும் இருக்கும்போது, ஊரை விட்டு அனுப்ப நான் சொல்ல மாட்டேன். உடைந்து கிடப்பது, கேட்பாரற்றுக் கிடப்பது, திருட்டுப் பயம் உள்ளது ஆகியவைதான் அங்கே போக வேண்டியவை.

மண்டபம் கட்டுவதானால் நான்கு தூணும் ஒரு கூரையும் போதும். டைல்ஸ் வேண்டாம், கல்லை ஒட்டிச் சுவர் வேண்டாம், பின்பக்கம் ஓர் ஆள் நின்று பார்க்க இடம் விடுங்கள். பெயர்ப்பலகையில் ‘நடுகல், வேடியப்பன்’ என்றும் ஊர்ப் பெயரும் மட்டும் இப்போதைக்கு எழுதுங்கள். எழுத்தைப் படித்துச் சொன்ன பிறகு அரசன் பெயரையும் ஆண்டையும் சேர்த்துக்கொள்ள அடியில் இடம் இருக்கட்டும்.