வீட்டிலேயே ஹாஃப்டோன்: ஸ்கிரீன் பிரிண்டிங் கேள்வி பதில்

வேளச்சேரி வாசகர்: ஐயா, தாத்தாவின் பழைய புகைப்படத்தை டி-ஷர்ட்டில் அச்சடிக்க ஆசை. படத்தை அப்படியே டிரேஸிங் ஷீட்டில் லேசர் பிரிண்ட் எடுத்து, ஸ்கிரீன் மேல் வைத்து வெளிச்சம் காட்டி எக்ஸ்போஸ் செய்தேன். முகம் திட்டுத்திட்டாக விழுகிறது. ஏன்?

ஸ்கிரீனுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணிதான் மெஷ்; அதன் ஒவ்வொரு கண்ணும் ஒன்று திறந்திருக்கும், இல்லையேல் அடைபட்டிருக்கும். சாம்பல் நிறத்தைக் காட்ட லேசர் பிரிண்டர் தானாகவே நுண்புள்ளிகள் போட்டிருக்கிறது. அவை உங்கள் மெஷ் தாங்கும் அளவைவிட மிகச் சிறியவை, அதனால் பாதி காணாமல் போயின. இப்படிச் சாயலைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக மாற்றுவதுதான் ஹாஃப்டோன். அந்தப் புள்ளியின் அளவை நீங்களே தீர்மானிக்க வேண்டும், அதுவும் கையிலுள்ள மெஷ்ஷைப் பார்த்து.

பெரம்பூர் வாசகி: என்னிடம் 43டி மெஷ் இருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி வரிசை வைக்கலாம்?

43டி என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 43 இழை. அங்குலத்துக்குச் சுமார் 110. இதை 5-ஆல் வகுத்தால் 22 வரிசை. 4.5-ஆல் வகுத்தால் 24. தூர நின்று பார்க்கும் சுவரொட்டிக்கு இது போதும். உள்ளங்கை அளவு முகத்துக்குப் போதவே போதாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. நெற்றி, கன்னம் போன்ற வெளிச்சமான இடங்களில், எமல்ஷனில் (மெஷ்ஷில் பூசும், வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு) சின்னஞ்சிறு துளைகள்தான் விழும். துளை இழையைவிடச் சிறியதாகி, நேராக இழையின் மேல் அமர்ந்துவிட்டால் அதன் வழியே மை இறங்காது. முடி, நிழல் போன்ற கறுத்த இடங்களில் நிலைமை தலைகீழ்: எமல்ஷன் குட்டிக்குட்டித் தீவுகளாக நிற்கும். பிடித்துக்கொள்ளப் போதிய இழை கிடைக்காத தீவு, கழுவும்போது தண்ணீரோடு போய்விடும். இந்த இரண்டையும் தவிர்க்கத்தான் ஒரு புள்ளி வரிசைக்கு நாலரை, ஐந்து இழை என்ற கணக்கு.

77டி மெஷ் வாங்குங்கள். அங்குலத்துக்குச் சுமார் 195 இழை. 40 வரிசை தாராளமாக நிற்கும். முகப்படத்துக்கு நான் பரிந்துரைப்பது அதுதான்.

தாம்பரம் மாணவர்: அண்ணா, ஃபோட்டோஷாப் வாங்க வசதியில்லை. இலவச மென்பொருளில் முடியுமா?

தாராளமாக முடியும். கிம்ப் போதும். முதலில் படத்தை அச்சாக வேண்டிய அளவுக்குக் கொண்டுவந்து, அங்குலத்துக்கு 600 பிக்சல் வையுங்கள். கறுப்பு வெள்ளையாக்குங்கள். துணியில் மை பரவும். 50 சதவீதப் புள்ளி அதைவிடக் கறுப்பாகவே விழும். ஆகவே நடுச்சாயல்களைத் திரையில் பார்க்கச் சற்று வெளிறியதாகவே வையுங்கள். பிறகு ஃபில்டர்ஸ், டிஸ்டார்ட்ஸ், நியூஸ்பிரிண்ட். அங்கே புள்ளி அளவைப் பிக்சலில் கேட்கும்: 600-ஐ 40-ஆல் வகுத்தால் 15. கடைசியாகத் த்ரெஷோல்ட் கொடுத்து விளிம்புச் சாம்பலை நீக்குங்கள்.

300 பிக்சலில் செய்து நேரத்தை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். 15-க்கு 15 கட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட சாயல்கள் கிடைக்கும். பாதித் தெளிவில் அது ஐம்பத்தைந்து, அறுபதாகச் சுருங்கி, கன்னத்தில் படிப்படியாகக் கோடு தெரியும்.

ராயபுரம் வாசகர்: அச்சில் பட்டுப்புடவை மினுக்கம் போல அலை அலையாகக் கோலம் விழுகிறதே?

புள்ளி வரிசையும் இழை வரிசையும் மோதுவதால் வருவது. ஒரே நிறம் என்றால் கோணத்தை 22.5 டிகிரி வையுங்கள். எக்ஸ்போஸ் செய்யும் முன் பாசிட்டிவை, அதாவது டிரேஸிங் ஷீட்டில் எடுத்த பிரிண்டை, மெஷ்ஷின் மேல் வைத்து வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். அலை மறையும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

மயிலாப்பூர் வாசகி: ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தால் புள்ளிகள் கலைந்து வருகின்றன.

இரண்டு இடத்தில் கெடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுப் புள்ளி விளிம்பு சிதையும். பிஎன்ஜி அல்லது டிஃப் கோப்பாகப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். கடைக்காரர் தாளுக்குப் பொருந்தும்படி அளவை மாற்றினாலும் எல்லாம் போச்சு. 100 சதவீதம் என்று கேட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டாம்: டோனர் உள்ள பக்கம், ஸ்கிரீனின் அடிப்புறத்து எமல்ஷனைத் தொடும்படி கவிழ்த்து வைத்தால் சரியாக வரும். டோனருக்கும் எமல்ஷனுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் வெளிச்சம் ஓரமாகப் புகுந்து சிறு புள்ளிகளைத் தின்றுவிடும். மேலே கனமான கண்ணாடி வைத்து அழுத்துங்கள். டிரேஸிங் ஷீட்டைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் கறுப்பில் ஊசித்துளைகள் தெரிகிறதா? அப்படியென்றால் வேறு பிரிண்டரில் எடுங்கள். பாரிமுனைப் பக்கம் போனால் ஆண்டர்சன் தெருவில் தாள் கடைகள் வரிசையாக உண்டு, ஷீட் வகைகளைக் கையில் தொட்டுப் பார்த்து வாங்கலாம்.

அம்பத்தூர் வாசகர்: மொட்டை மாடி வெயிலில் எத்தனை நிமிடம் காட்ட வேண்டும்?

எமல்ஷனுக்கு எமல்ஷன், வேளைக்கு வேளை மாறும். ஒரு பழைய ஸ்கிரீனில் அதே பாசிட்டிவை வைத்து, அட்டையால் மூடி, சம இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே வாருங்கள். கழுவிய பின் எந்தப் பட்டையில் நெற்றிப் புள்ளிகள் திறந்தும் முடியின் தீவுகள் நிலைத்தும் இருக்கின்றனவோ அதுதான் உங்கள் நேரம். மழைக்காலத்தில் எமல்ஷன் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். இருட்டறையில் மின்விசிறியடியில் கூடுதலாக உலர விடுங்கள். எமல்ஷனை வெளிச்சத்துக்கு இறுகவைக்கக் கலக்கும் சென்சிடைசர், டைக்ரோமேட் வகை என்றால் அது புற்றுநோய் வரவழைக்கும் பொருள். கையுறையில்லாமல் தொடாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் டயஸோ எமல்ஷனையே வாங்குங்கள்.