சங்கத்தில் சேரத்தான் வேண்டுமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

புவி இயற்பியலில் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். துறையில் மூத்த மாணவர்கள் எல்லோரும் புவி இயற்பியல் சங்கத்தின் மாணவர் கிளையில் சேரச் சொல்கிறார்கள். சேர்ந்தால் உடனே ஏதாவது பொறுப்புக்கு நிற்கவும் சொல்வார்கள் போலிருக்கிறது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆய்வுக் கட்டுரைகள் இணையத்தில் கிடைக்கின்றன, உரைகள் யூடியூபில் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால், பழைய ஆட்கள் ஒருவருக்கொருவர் விருது கொடுத்துக்கொள்ளும் இடமாகத்தான் சங்கம் தெரிகிறது. தவிர, நான் கூட்டத்தில் வாயே திறக்காத ஆள். எனக்கு அங்கே என்ன வேலை?

ர.

அன்புள்ள ர.,

விருது விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். பல சங்கங்களின் ஆண்டு விழா அப்படித்தான் போகும். போன ஆண்டு விருது வாங்கியவர் இந்த ஆண்டு தேர்வுக்குழுவில் இருப்பார், அடுத்தது யாருக்கு என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரே சொல்லிவிடுவார். அதற்காகச் சேர வேண்டாம். சான்றிதழுக்காகவும் வேண்டாம், சும்மா உறுப்பினர் என்று எழுதிவைத்தால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் கட்டுரையும் உரையும் வீட்டிலிருந்தே கிடைப்பதால் சங்கம் தேவையில்லை என்கிறீர்களே, அது வேறு சில துறைகளில் செல்லலாம், நம் துறையில் செல்லாது. வேதியியலில் ஒருவர் தன் ஆய்வகத்துக்குள்ளேயே ஒரு வினையைத் தொடங்கி முடித்துவிட முடியும். பூமியை அப்படி அறைக்குள் கொண்டுவர வழியில்லை. நிலநடுக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்துசேரும் முதன்மை அலைக்கும் பின்னால் வரும் இரண்டாம் அலைக்கும் இடையிலான நேர வித்தியாசத்தை வைத்து ஒரு பதிவு நிலையத்திலிருந்து நிலநடுக்கம் எவ்வளவு தூரம் என்பதைத்தான் கணக்கிடலாம், மையத்தைப் பிடிக்க இன்னும் இரண்டு நிலையங்கள் வேண்டும் என்று நீங்களே மூன்று வட்டம் போட்டுப் படித்திருப்பீர்கள். மூன்று பதிவும் ஒரே நிலநடுக்கத்தினுடையதுதான் என்று தெரிய அந்த மூன்று இடங்களிலும் கடிகாரம் ஓரளவாவது ஒத்துப்போக வேண்டும், பதிவை மற்றவருக்குக் கொடுக்க மனசு வேண்டும், கொடுத்ததை அவர் படிக்கவும் முடிய வேண்டும். இதைப் பேசி முடிவு செய்ய நாலு பேர் உட்கார்ந்தாலே அது சங்கம்தான், பெயர்ப்பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இது புதிதும் இல்லை. கணிதத்தில் நாம் கும்பிடுகிற கவுஸ், 1830களில் இயற்பியலாளர் வில்ஹெல்ம் வெபருடன் சேர்ந்து ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஒரு காந்தச் சங்கத்தை நடத்தினார். அதன் வேலை எளிமையானது, கொஞ்சம் கொடுமையானதும்கூட. முன்பே குறித்துவைத்த நாட்களில், பல நகரங்களில் இருக்கும் உறுப்பினர்கள் எல்லோரும், அவரவர் ஊர் நேரத்தை விட்டுவிட்டு கோட்டிங்கன் நேரப்படி, 24 மணி நேரமும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காந்த முள்ளின் நிலையைப் படித்துக் குறிக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 288 அளவீடு. பின்னிரவு மூன்று மணிக்கும் யாரோ ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு தொலைநோக்கி வழியாக அளவுகோலைப் பார்த்திருக்கிறார். எல்லா ஊர் வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, வெகு தொலைவில் இருக்கும் நகரங்களிலும் முள் ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி துள்ளியிருந்தது. கவுஸ் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் தனியாக உட்கார்ந்து இதைக் கண்டிருக்க முடியாது. 1836 முதல் 1841 வரையிலான அளவீடுகளை ஆண்டுத் தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

அப்புறம் ஜான் மில்ன் என்ற ஆங்கிலேய நிலநடுக்க ஆய்வாளர். 1880 பிப்ரவரியில் யோகோஹாமாவை ஒரு நிலநடுக்கம் ஆட்டியது. அப்போது ஜப்பானில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மில்ன், யூயிங் போன்றவர்கள் அந்த ஆண்டே நிலநடுக்கத்துக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள், உலகத்தில் அந்த வகையில் முதல் சங்கம் அது. நிலநடுக்கப் பதிவுக் கருவியைச் செம்மைப்படுத்தியதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது வேறு. மில்ன் பல ஊர்களின் அலுவலகங்களுக்கு அஞ்சலட்டைக் கட்டுகளை அனுப்பி, வாரத்துக்கு ஓர் அட்டையில் அங்கே உணர்ந்த அதிர்வுகளை எழுதித் திருப்பி அனுப்பச் சொன்னார். கூட்டத்தில் வாயே திறக்காத எத்தனை பேர் அந்த அட்டைகளை நிரப்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இன்றைக்கு வருவோம். நில அதிர்வுத் தரவைச் சேமிக்கும் செக்-ஒய் (SEG-Y) வடிவக் கோப்பு ஒன்றை நீங்கள் திறந்து பார்த்திருப்பீர்கள். சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தால் முதல் 3200 பைட் கன்னாபின்னாவென்று தெரியும், ஏனென்றால் அது பெரும்பாலும் எப்சிடிக் என்ற, பழைய பெருங்கணினிகளின் எழுத்துக்குறியில் இருக்கும். சரியாக மாற்றினால் 40 வரி, வரிக்கு 80 எழுத்து. அந்தக் காலத்தில் கணினிக்குத் தரவு கொடுத்த துளை அட்டையில் 80 பத்திகள் இருந்ததால் அந்த 80. இந்த வடிவத்தை 1975இல் வெளியிட்டது எஸ்இஜி, அதாவது 1930இல் ஹூஸ்டனில் தொடங்கிய, எண்ணெய், கனிமம் என்று வளம் தேடும் புவி இயற்பியலாளர்களின் சங்கம். 2002இலும் 2017இலும் திருத்தினார்கள். இதையெல்லாம் பேசி எழுதியது சங்கத்தின் தொழில்நுட்பக் குழு. தரவைப் பூட்டிவைத்துக்கொண்டு ஒன்றோடொன்று போட்டி போடுகிற நிறுவனங்களின் ஆட்கள், எந்த பைட்டில் எந்த எண் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். நாற்பது ஆண்டுக்கு முந்தைய காந்த நாடாவை இன்று ஒரு மாணவர் படித்து மறுசெயலாக்கம் செய்ய முடிகிறதென்றால் அதற்குக் காரணம் அந்தச் சலிப்பூட்டும் கூட்டங்கள்தான். யூடியூபில் அது இருக்காது, இருந்தாலும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒலித்தடை (பாறையின் அடர்த்தியையும் அதில் அலை போகும் வேகத்தையும் பெருக்கினால் வருவது) கூடும் பரப்பிலிருந்து வரும் எதிரொலியை அலைக்கோட்டில் மேடாகக் காட்டுவதா பள்ளமாகக் காட்டுவதா என்பதில் அமெரிக்க வழக்கம், ஐரோப்பிய வழக்கம் என்று இரண்டு இன்னும் இருக்கின்றன. புதிய தரவு கைக்கு வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது, கேட்காமல் வரைந்தவர்களின் கதைகள் எல்லாச் சங்கத்திலும் உலவும்.

மாணவர் கிளையைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல கிளை என்றால் அது களத்துக்குப் போகும். கருவியை ஒரு நாளைக்குக் கடன் வாங்கி, கேபிளை விரித்து, நில அதிர்வை உணரும் ஜியோபோன் 24ஐ மண்ணில் ஊன்றி, உலோகத் தட்டின் மேல் சம்மட்டியால் அடிப்பார்கள். அடிக்கும் நேரத்தில் மற்றவர்கள் எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும், காலடியும் பதிவாகும். ஒரே இடத்தில் 4 முறை அடித்துக் கூட்டினால் சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம் இரட்டிப்பாகும், நான்கு மடங்காக்க 16 முறை அடிக்க வேண்டும், அதற்குள் அடிப்பவரின் தோள் போய்விடும். அந்த வர்க்கமூல விதியை வகுப்பறையில் படிப்பதற்கும் பத்தாவது அடிக்குப் பிறகு இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்பதற்கும் உள்ள தூரம்தான் கிளையின் பயன். காற்று அதிகமானதும் யார் நிறுத்தலாம் என்கிறார், யார் ஒப்பேற்றிவிடலாம் என்கிறார் என்பதையும் அங்கேதான் பார்ப்பீர்கள்.

பேசத் தயங்குபவருக்கு அங்கே ஒரு நல்ல வேலை இருக்கிறது, குறிப்பேடு. எந்தக் கோப்பு எண் எந்தச் சம்மட்டி அடிக்கு, எந்தச் சேனல் வேலை செய்யவில்லை, லாரி எப்போது போனது, ஜியோபோன் இடைவெளியை எந்த இடத்தில் மாற்றினார்கள், இதையெல்லாம் எழுதுபவர். ஆறு மாதம் கழித்து அந்தத் தரவு உதவுமா குப்பைக்கா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த நோட்டுதான்.

மாநாட்டுக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் ஆய்வைப் போஸ்டராக மாட்டிவைத்து நின்று விளக்கும் போஸ்டர் அரங்குக்குப் போங்கள். அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் டிசம்பர் கூட்டத்துக்கு 20,000 பேருக்கு மேல் வந்த ஆண்டுகள் உண்டு, அந்தக் கூட்டத்தில் யாரும் உங்களைக் கவனிக்கப் போவதில்லை, கூச்சப்படுபவருக்கு அதைவிட வசதி ஏது. கடைசி நாள் பிற்பகலில் தன் போஸ்டர் முன்னால் தனியாக நிற்கும் ஒருவரிடம் போய், எந்தத் தரவைத் தூக்கிப்போட்டீர்கள், ஏன், என்று மட்டும் கேளுங்கள். கட்டுரையில் வராத விஷயம் முழுக்க அப்போது வெளியே வரும். தோற்றுப்போன அளவீடுகளைப் பற்றி ஆய்விதழ்கள் அதிகம் எழுதுவதில்லை, ஆட்கள் சொல்வார்கள்.

குறைகளும் இருக்கின்றன. வளத்தேடல் பக்கமுள்ள சங்கங்களின் கஜானா கச்சா எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும். 2014இன் பிற்பாதியில் விலை சரிந்தபோது ஏராளமான புவி இயற்பியலாளர்களுக்கு வேலை போயிற்று, வேலை போனவர் முதலில் வெட்டும் செலவுகளில் சந்தாவும் ஒன்று. ஆதரவு வேண்டிய நேரத்தில் ஆள் சங்கத்தை விட்டுப் போகிறார், சங்கத்திடமும் பணம் இல்லை. இதற்கு யாரும் நல்ல வழி கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. மாநாட்டுக் கட்டணம், விசா, ஆங்கிலம் என்று வாசலிலேயே பலர் நின்றுவிடுவதும் உண்மை. அதனால்தான் நான் உலகச் சங்கத்தைவிட உள்ளூர்க் கிளைக்கே முதலில் நேரம் கொடுக்கச் சொல்வேன்.

பொறுப்பைப் பற்றி. முதல் ஆண்டிலேயே தலைவர், செயலாளர் எதற்கும் நிற்காதீர்கள், படிப்பு கெடும். விடாமல் வற்புறுத்தினால் கருவிகளுக்குப் பொறுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளைச் சுற்றிவைக்கவும், எந்த ஜியோபோன் செத்துவிட்டது என்று சோதித்து ஒட்டுச்சீட்டு போடவும் ஆள் கிடைக்காமல்தான் பாதிக் களப்பயணம் காலையிலேயே இரண்டு மணி நேரத்தை இழக்கிறது. அந்த வேலையில் யாரும் உங்களைப் பேசச் சொல்ல மாட்டார்கள்.