சாம்பாரில் மாத்திரை கலக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். என் கணவருக்கு வயது 42. பத்து வருடக் குடி. போன மாதம் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரேயடியாக நிறுத்தினார். இரண்டாம் நாள் கை நடுக்கம், வியர்வை, பொட்டுத் தூக்கமில்லை. சுவரில் பூச்சி ஊருகிறது என்றார். பயந்துபோய் மாமியாரே ஒரு குவார்ட்டர் வாங்கிவரச் சொன்னார். இப்போது பழையபடி குடிக்கிறார். 'நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்' என்று புலம்புகிறார். சாம்பாரில் கலந்து கொடுக்கிற மாத்திரை உண்டாமே, கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கூடாது. நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் டைசல்ஃபிராம் மாத்திரையாக இருக்கும். அது குடிக்கும் ஆசையைப் போக்குவதில்லை. மது உடம்பில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை வெளியேற விடாமல் தேக்கிவைக்கும். அதற்குமேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும், உயிரே போகலாம். தெரிந்து சாப்பிடுகிறவர் அந்தப் பயத்தில் கடைப்பக்கம் போகமாட்டார். தெரியாதவர் வழக்கம்போல் சாயங்காலம் போய் நிற்பார். என்றைக்காவது விஷயம் தெரிந்துவிட்டால் உங்கள் கையால் ஒரு வாய் சோறு சாப்பிடவும் யோசிப்பார்.

மாமியார் மேல் கோபப்படாதீர்கள். அவர் கண்டு பயந்தது உண்மையான ஆபத்தைத்தான். பல வருடம் மதுவுக்குப் பழகிய மூளை, திடீரென்று அது இல்லாமல் போனால் கட்டுமீறிக் கொந்தளிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் வரலாம். பூச்சி ஊர்வதாகத் தெரிந்தது பைத்தியமும் இல்லை, சாமி குத்தமும் இல்லை, இதன் அறிகுறி. மருத்துவமனையில் சேர்த்தால் நடுக்கத்துக்கான மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, சுமார் ஒரு வாரத்தில் நிறுத்துவோம். தயாமின் என்ற பி1 ஊசியும் போடுவோம். அது குறைந்தால் நினைவாற்றலே பாழாகும்.

கயிறு கட்டியதை நான் மதிக்கிறேன். விட வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் இருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அடுத்த முறை கயிறு கட்டும் நாளும் வார்டில் சேரும் நாளும் ஒன்றாக இருக்கட்டும். திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதுவரை நீங்களாகக் குடியைத் திடீரென்று நிறுத்த வைக்க வேண்டாம்.

ஆனால் அந்தப் புலம்பலுக்கு நாள் பார்க்காதீர்கள். குடியே மனச்சோர்வை உண்டாக்கும். குடி நின்று மூன்று நான்கு வாரத்தில் பலருக்கு அது தானே தெளியும். தெளியாதவர்களுக்குத் தனியாகச் சிகிச்சை உண்டு. 'செத்துப்போகலாம்னு தோணுதா?' என்று இன்றைக்கே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, பாரம்தான் இறங்கும். ஆமாம் என்றால் தனியே விடாமல் உடனே அழைத்து வாருங்கள். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து வீட்டில் இருந்தால், இன்றே அப்புறப்படுத்தி நம்பகமானவரிடம் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

வீட்டில் பேச்சுவார்த்தையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். போதையில் இருப்பவரிடம் நியாயம் பேசிப் பலனில்லை. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் உடைந்தால் அந்தக் குற்ற உணர்ச்சியிலேயே மறுபடி குடிப்பார். குடிக்காமல் வந்த அன்று பழையதைக் கிளறாமல் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். மாமியாரும் நீங்களும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும், இது முக்கியம். சம்பா அறுப்பு முடிந்து கையில் காசு புரளும் நாட்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். அந்த வாரத்துக்குப் பணம் யாரிடம் இருக்கும், சாயங்காலம் அவர் எங்கே இருப்பார் என்பதை அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். சறுக்கினால் மறுநாளே மருத்துவரிடம் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் பிள்ளை இருந்தால், அப்பாவைக் கூட்டிவர டாஸ்மாக் வாசலுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். அதற்குப் பெரியவர்கள் யாராவது போகட்டும்.