பெரும்பான்மை இருந்தால் எதையும் செய்துவிடலாமா?

கேள்வி: மக்களவையில் ஒரு கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்துவிட்டால் அரசியல் சட்டத்தையே மாற்றி எழுதிவிடலாம் என்கிறார் என் அண்ணன். நிஜமாகவே முடியுமா?

பதில்: முடியாது. 543 பேரில் 272 பேர் கையில் இருந்தால் ஆட்சி அமைக்கலாம், பட்ஜெட்டை நிறைவேற்றலாம், சாதாரண மசோதாக்களை மக்களவையில் தாண்ட வைக்கலாம். அரசியல் சட்டத்தில் கைவைக்க வேண்டுமென்றால் கணக்கே வேறு. 368-வது பிரிவின்படி அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரிக்க வேண்டும், அன்றைக்கு வந்திருந்து ஓட்டுப் போடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் ஆதரிக்க வேண்டும், அதுவும் இரண்டு அவைகளிலும் தனித்தனியாக. சாதாரண மசோதாவில் இரு அவைகளும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் போட்டு முடித்துக்கொள்ளலாம். 1961-ல் வரதட்சணைத் தடை மசோதா அப்படித்தான் சட்டமானது. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அந்த வழி கிடையாது.

இது ஏட்டுக் கணக்கு இல்லை என்பதற்கு 1970 செப்டம்பரில் நடந்ததைச் சொல்லலாம். முன்னாள் மன்னர்களுக்குக் கொடுத்துவந்த மானியத்தை ஒழிக்க இந்திரா காந்தி அரசு ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தது. மக்களவை தாண்டியாகிவிட்டது. மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. இரு மடங்கு ஆதரவு இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் 224-ல் மூன்றில் இரண்டு பங்கு என்பது 149-ஐக் கொஞ்சம் தாண்டிவிடுகிறது, அதனால் 150 பேர் வேண்டும். ஒரே ஒரு ஓட்டில் மசோதா தோற்றது. 1971 தேர்தலில் ஜெயித்து வந்த பிறகுதான் 26-வது திருத்தமாக அதை நிறைவேற்ற முடிந்தது. மானியம் ஒழிந்தது நல்லதுதான். ஆனால் அந்த ஒரு ஓட்டுக்காக ஓர் அரசு காத்திருக்க வேண்டியிருந்ததே, அதை நான் இன்னும் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

அப்புறம், குடியரசுத் தலைவர் தேர்தல், மத்திய மாநில அதிகாரப் பங்கீடு போன்றவற்றைத் திருத்தினால் குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டப்பேரவைகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் கடந்தாலும் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. கேசவானந்த பாரதி வழக்கில் 1973 ஏப்ரல் 24 அன்று 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு, 7-க்கு 6 என்ற கணக்கில், திருத்தலாம் ஆனால் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது அரசியல் சட்டத்தின் ஆதாரமான தன்மைகளைச் சிதைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. இன்றுவரை அதுதான் எல்லைக்கோடு. அண்ணனிடம் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: கொறடா சொன்னபடிதான் ஓட்டுப் போட வேண்டும் என்றால் எங்கள் எம்.பி. டெல்லிக்குப் போய் என்ன பயன்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா மூலம் கட்சி போடும் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ ஓட்டுப் போடாமல் ஒதுங்கினாலோ பதவியே போகலாம். விலை பேசி ஆள் பிடிப்பதைத் தடுக்க வந்த சட்டம், மனசாட்சிப்படி மாற்றி ஓட்டுப் போட நினைப்பவரையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டது. அரசு கவிழும் அளவுக்கான வாக்கெடுப்புகளுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு போதும் என்பது என் கருத்து.

ஆனால் ஓட்டுப் போடுவது மட்டும் எம்.பி.யின் வேலை இல்லை. 1993 முதல் துறைவாரியான நிலைக்குழுக்கள் இருக்கின்றன. இப்போது 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது, கொறடா உத்தரவும் அங்கே செல்லாது. கேமரா இல்லாத அறையில் அதிகாரிகளையும் நிபுணர்களையும் உட்காரவைத்து மசோதாவை வரி வரியாகக் கேள்வி கேட்கலாம். உண்மையான வேலை நடக்கிற இடம் அது. எல்லா மசோதாவையும் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை, அதுதான் எனக்கு வருத்தம். ஒரு முக்கியமான மசோதா குழுவுக்கே போகாமல் ஒரே நாளில் நிறைவேறினால், அதன் ஓட்டைகளை நாம் பிறகு நீதிமன்ற வாசலில்தான் தேட வேண்டியிருக்கும்.

தனிநபர் மசோதா, அதாவது அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினரே கொண்டுவரும் மசோதா என்ற வழியும் உண்டு. திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015-ல் மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. மக்களவையில் அது சட்டமாகவில்லை, ஆனாலும் பேச்சு அங்கிருந்துதான் சூடுபிடித்தது, பிறகு அரசே தனியாக ஒரு மசோதா கொண்டுவந்தது. உங்கள் எம்.பி. கேள்வி நேரத்தில் என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கிறது. அடுத்த முறை அவர் ஓட்டுக் கேட்டு வரும்போது அதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: மக்களவையைக் கலைத்தால் பாதியில் நிற்கும் மசோதாக்கள் என்னவாகும்?

பதில்: மக்களவையில் நிலுவையில் இருப்பவை காலாவதி ஆகிவிடும். மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் காத்திருப்பவையும் அப்படியே. மாநிலங்களவையில் அறிமுகமாகி அங்கேயே நிற்பவை மட்டும் பிழைக்கும், ஏனென்றால் அந்த அவை கலைவதே இல்லை. 2010 மார்ச்சில் மாநிலங்களவை நிறைவேற்றி அனுப்பிய மகளிர் இடஒதுக்கீடு மசோதா மக்களவையில் எடுத்துக்கொள்ளப்படாமலே கிடந்து 2014-ல் காலாவதியானது. 2023-ல் புது மசோதாவாகத்தான் திரும்ப வர வேண்டியிருந்தது. பதின்மூன்று வருடங்கள்!

கேள்வி: டிவியில் பார்த்தால் பாதி நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. அப்படி நடத்தலாமா?

பதில்: நடத்தலாம். அவையின் மொத்த எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும், மக்களவைக்கு அது 55 பேர். அதற்கும் குறைந்தால் மணி அடித்துக் கூப்பிடுவார்கள். அப்போதும் ஆள் சேராவிட்டால் அவையை ஒத்திவைக்க வேண்டியதுதான்.