12 எம்பி ஜேசன் வந்ததும் ஆப் ஏன் மூடிக்கொள்கிறது?

பாம்பன் மீனவர்களுக்காக நீங்கள் செய்யும் காற்று, அலை நிலவர ஆப்புக்கு சர்வரிலிருந்து 12 எம்பி ஜேசன் (எழுத்து வடிவில் அனுப்பும் தரவு) வருகிறது, பழைய ஆண்ட்ராய்டு போனில் ஆப் மூடிக்கொள்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: வந்த மொத்தத்தையும் ஒரே ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) வாங்கி, பிறகு பார்ஸ் செய்கிறீர்கள், அதாவது பிரித்துப் படிக்கிறீர்கள். அந்த ஸ்ட்ரிங்கும் அதிலிருந்து உருவாகும் ஆப்ஜெக்ட்களும் ஒரே நேரத்தில் மெமரியில் நிற்கும். ஜேசனைத் துண்டு துண்டாகப் படிக்கும் ஜேசன்ரீடரை வைத்து, வந்துகொண்டிருக்கும் ஸ்ட்ரீமிலிருந்தே ஒவ்வொரு பதிவாகப் படியுங்கள். நூறு நூறாக, போனிலேயே இருக்கும் ரூம் டேட்டாபேஸில் போடுங்கள். திரையை இயக்கும் மெயின் த்ரெட்டில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

அப்புறம், சர்வர் அனுப்புவதை ஒருமுறை திறந்து பாருங்கள். 'பாம்பன்' என்ற சொல் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் 21 பைட். பைத்தானின் ஜேசன் நூலகம் வழக்கமாகச் செய்வதுபோல ஒவ்வொரு குறியையும் எண்ணாக எழுதும் யூனிகோட் எஸ்கேப்பாக மாற்றினால் அதுவே 42 பைட். ஊர்ப்பெயர் முழுக்கத் தமிழில் இருந்தால் அந்தப் பெயர்களின் சுமை இரட்டிப்பாகும். தரவைச் சுருக்கி அனுப்பும் ஜிஜிப்பையும் சர்வரில் இயக்குங்கள், அக்செப்ட்-என்கோடிங் ஹெடரை நீங்களே எழுதாதவரை நெட்வொர்க் நூலகமான ஓகேஹெச்டிடிபி தானாகவே விரித்துக்கொள்ளும்.

ஆனால் நானாக இருந்தால் முதலில் தொடுவது வேறு இடத்தை. வடகடலுக்குப் போகிறவருக்குத் தென்கடல் நிலவரம் முழுவதும் தேவையில்லை. அவருடைய கடல்பகுதி, அடுத்த 2 நாள், அவ்வளவு மட்டும் சர்வரிடம் கேளுங்கள். தரவின் பதிப்பைக் குறிக்கும் ஈடேக் வைத்தால், தரவு மாறாதபோது 304 (மாற்றமில்லை) என்ற வெறும் பதிலே வரும். கரையில் சிக்னல் இருக்கும்போதே சேமித்துவிட்டால், நடுக்கடலில் சிக்னல் போனாலும் அவரால் படிக்க முடியும்.