ஓடுறப்ப ஒண்ணும் இல்ல, சிக்னல்ல நின்னா ஹீட் ஏறுது

கேள்வி: அண்ணே வணக்கம், நான் கடலூர் மஞ்சக்குப்பம், தினமும் பாண்டிக்கு கார்லதான் வேலைக்கு போறேன். 9 வருஷ பெட்ரோல் வண்டி. முள்ளோடை தாண்டி தவளக்குப்பம் வரைக்கும் டெம்பரேச்சர் முள்ளு பாதியில அப்படியே நிக்குது, அரியாங்குப்பம் நெரிசல்ல மாட்டுனா மெல்ல ஏற ஆரம்பிச்சு மரப்பாலம் சிக்னல்கிட்ட சிவப்பை தொட்டுடுது, ஏசியும் அந்த நேரத்துல அனலாத்தான் அடிக்குது. மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வை கழட்டி எடுத்துட்டு தண்ணி ஊத்தி அனுப்புனார், ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு, இப்ப மறுபடியும் ஏறுது, மைலேஜும் குறைஞ்சு போச்சு. இன்ஜின் மேல்பாகம், அந்த ஹெட்டை கழட்டணும்ங்கறார், பெரிய தொகை சொல்றார். கழட்டலாமா?

பதில்: வேணாம் தம்பி, இப்போதைக்கு ஹெட்ல யாரையும் கை வைக்க விடாதீங்க. நீங்க எழுதுனதுலயே பாதி விஷயம் இருக்கு. வண்டி 60ல போறப்ப ரேடியேட்டருக்கு காத்து தானா கிடைக்குது, நின்னுட்டா ஃபேன் அடிக்கிறதுதான் காத்து. ரேடியேட்டர் அடைச்சிருந்தாலோ தண்ணியை சுத்தவிடுற பம்பு, அதான் வாட்டர் பாடி, போயிருந்தாலோ நல்லா விரட்டி ஓட்டுறப்பத்தான் முதல்ல ஏறும், உங்களுக்கு நேர்மாறா இருக்கு. இன்னொண்ணு, ஏசியோட சூட்டை வெளிய விடுற கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னாடியே ஒட்டுனாப்ல இருக்கு, அதுக்கும் காத்து இந்த ஃபேன்தான். நிக்கிறப்ப ரெண்டும் சேர்ந்து கெடுதுன்னா எனக்கு சந்தேகம் ஃபேன் மேலதான்.

வீட்டு வாசல்லயே பாத்துடலாம். இன்ஜின் ஸ்டார்ட் பண்ணி ஏசி போடுங்க, பெரும்பாலான வண்டில கொஞ்ச நேரத்துல ஃபேன் சுத்தணும். சுத்தலைன்னா ஃபியூஸ் பாருங்க, அப்புறம் ஃபேனுக்கு கரண்ட் விடுற சுவிட்ச் மாதிரியான ரிலேவை கழட்டி அதே நம்பர் போட்ட வேற ரிலேவை மாட்டி பாருங்க, அதுவும் இல்லைன்னா எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி பேட்டரியில இருந்து மோட்டருக்கு நேரா கரண்ட் குடுத்து பாக்க சொல்லுங்க, சுத்துச்சுன்னா மோட்டர் நல்லாருக்கு வயரிங்லயோ சென்சார்லயோ கோளாறு, சோம்பலா சுத்துச்சுன்னா மோட்டர் உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு. ஆனா கையை மட்டும் ஃபேன் பக்கம் கொண்டு போகாதீங்க, சில வண்டில இன்ஜின் ஆஃப்ல இருந்தாலும் ஹீட்டுக்கு திடீர்னு சுத்த ஆரம்பிச்சுடும்.

நம்ம ஊருக்குன்னு ஒரு விஷயம் இருக்கு, உப்புக் காத்து. தேவனாம்பட்டினத்துல கடலை பாத்து நிறுத்துற ஒரு வண்டிக்கு இதே கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு. ஃபேன் மோட்டர் கனெக்டரை பிரிச்சு பாத்தா உள்ள பின் தெரியல, பச்சையா களிம்புதான் தெரியுது, நகத்தால சுரண்டுனா பொடியா கொட்டுது. ரேடியேட்டர் இதழை விரலால லேசா தொட்டேன், பொரிச்ச அப்பளம் மாதிரி உதிர்ந்துச்சு. அந்த கனெக்டரை மாத்துனதும் ஃபேன் சுத்திடுச்சு. உங்களுக்கு அந்த ரெண்டு வாரம் நல்லா ஓடுனதுக்கும் இதுதான் காரணமா இருக்கலாம், தெர்மோஸ்டாட் கழட்டுறப்ப கை பட்டு கனெக்டர் அசைஞ்சு கொஞ்ச நாள் கான்டாக்ட் கிடைச்சிருக்கும்.

அந்த தெர்மோஸ்டாட்டை முதல்ல திரும்ப மாட்டுங்க, "நம்ம வெயிலுக்கு எதுக்கு இது"ன்னு கழட்டுற பழக்கம் எனக்கு சுத்தமா பிடிக்காது. 82, 88னு அந்த வால்வுலயே டிகிரி அடிச்சிருக்கும், அந்த சூடு வந்தாத்தான் திறக்கும். அது இல்லைன்னா இன்ஜின் சூடேற ரொம்ப நேரம் ஆகும், இன்ஜின் இன்னும் குளிர்ல இருக்குன்னு நெனச்சு கம்ப்யூட்டர் பெட்ரோலை கூட குடுக்கும், உங்க மைலேஜ் அங்கதான் போச்சு. ஒட்டிப்போன வால்வா இருந்தா புதுசு போடுங்க. ஊத்துனது போர் தண்ணியா இருந்தா முழுசா வடிச்சுடுங்க, கடலோர போர் தண்ணில இருக்கற உப்பு பாத்திரத்துல படியற மாதிரி இன்ஜின் உள்ளயும் படியும். கூலன்ட் பாதி, பேட்டரி வாட்டர் (டிஸ்டில்டு வாட்டர்) பாதி கலந்து ஊத்துங்க. ரெடிமிக்ஸ் வாங்குனா தண்ணி கலக்க வேணாம்.

இது சரியாகற வரைக்கும் வழியில ஏறுச்சுன்னா ஏசியை ஆஃப் பண்ணி ஹீட்டரை ஃபுல்லா வைங்க, வேர்த்து கொட்டும், பரவால்ல, இன்ஜின் சூடு கொஞ்சம் அது வழியா வெளிய போகும். அப்பவும் இறங்கலைன்னா ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடுங்க, இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு ஓட்டுனா அப்பத்தான் நிஜமாவே ஹெட் வளையும். ரேடியேட்டர் மூடியை தொடாதீங்க. உள்ள பிரஷர் இருக்கறதால 100 டிகிரி தாண்டியும் தண்ணி கொதிக்காம அடங்கி இருக்கும், மூடி திறந்த அந்த நொடியே ஆவியா மாறி மூஞ்சில அடிக்கும். முக்கா மணி நேரமாவது விடுங்க, மேல் ஓஸ் பைப்பை கையால அமுக்குனா தொளதொளன்னு இருக்கணும், சூடும் போயிருக்கணும், அதுக்கப்புறம்தான் மூடி. கொதிக்கிற இன்ஜின்ல பச்சைத்தண்ணி ஊத்துனா விரிசல் விட்டுடும். ஏறுன முள்ளு திடீர்னு சரசரன்னு இறங்குச்சுன்னாலும் நிம்மதி ஆயிடாதீங்க தம்பி, தண்ணி மொத்தமும் போய் சென்சார் காத்துல நின்னாலும் அப்படி காட்டும்.

கேள்வி: அண்ணா, என் வண்டில ஹீட் ஏறல, ஆனா பத்து நாளைக்கு ஒருக்கா ரிசர்வ் டப்பால கூலன்ட் அடிக்கோட்டுக்கு கீழ போயிடுது, தரையில ஒரு சொட்டு கூட இல்ல. நான் பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருக்கலாமா? வாசகி, வில்லியனூர்.

பதில்: ஊத்திக்கிட்டே இருக்காதம்மா, எங்கயோ போகுது. சூட்டுல கசியறது தரைக்கு வர்றதுக்குள்ள காஞ்சுடும், ஆனா தடம் விட்டுட்டு போகும், ஓஸ் பைப் கிளிப் ஓரத்துலயும் வாட்டர் பாடிக்கு கீழயும் டார்ச் அடிச்சு பாரு, கூலன்ட் கலர்ல பொருக்கு தட்டியிருக்கும். முன் சீட்டு மேட்டை தூக்கி பாரு, ஈரமா இனிப்பு வாசனை வந்தா உள்ள ஹீட்டர் ரேடியேட்டர்ல ஓட்டை. எதுவுமே இல்லைன்னாத்தான் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற ஹெட் கேஸ்கெட் மேல சந்தேகம். காலையில வண்டி ஆறிப்போய் இருக்கறப்ப ரேடியேட்டர் மூடியை கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் பாரு, குமிழ் விடாம வந்துக்கிட்டே இருந்தாலோ, ஆயில் மூடிக்கு அடியில மோர் மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்தாலோ வண்டியை ஓட்டாத, நேரா ஒர்க்ஷாப். அங்க பிரஷர் டெஸ்ட் கேளு, ரேடியேட்டர் மூடி இருக்கற இடத்துல கைப்பம்பு மாட்டி காத்து ஏத்தி கால் மணி நேரம் விட்டு பாப்பாங்க, மீட்டர் முள்ளு இறங்குச்சுன்னா கசிவு உறுதி, பம்பு மாட்டியிருக்கறப்பவே எங்கன்னு தேடிட சொல்லு.